குலுங்காத வண்டி: மாற்றியமைக்கும் சஸ்பென்ஷன் நமக்குத் தேவையா?

தஞ்சாவூர்ச் சீமையில் முன்பு இரண்டு விதமான மாட்டு வண்டிகள் ஓடின. ஒன்று பார வண்டி. வயலுக்கு எருவையும், களத்து மேட்டிலிருந்து நெல் மூட்டைகளையும் சுமந்து சென்றது அது. அதில் அச்சு வண்டியின் சட்டத்தோடு நேராகப் பிணைக்கப்பட்டிருக்கும். சக்கரம் ஒரு கல்லின் மேல் இரண்டு அங்குலம் ஏறினால் வண்டியும் இரண்டு அங்குலம் ஏறி இறங்கும். மற்றொன்று வில் வண்டி. அச்சுக்கும் வண்டிக் கூட்டுக்கும் இடையே, வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய வில் இருக்கும். வீட்டுப் பெண்கள், வயதானவர்கள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள் இவர்களுக்கெல்லாம் வில் வண்டி. அதிலும் வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்துத்தான் உட்காருவார்கள்.

நெல் மூட்டைக்கு முதுகு வலிக்காது. ஆகவே பார வண்டிக்கு வில் தேவைப்படவில்லை. வில் இல்லாததால் செலவு குறைவு. உடைந்துபோகக்கூடிய பொருள்களில் ஒன்றும் குறைவு. வண்டியில் ஏறப்போவது யார், எது என்பதைப் பார்த்தே வில் வேண்டுமா, வேண்டாமா என்று தீர்மானித்தார்கள்.

இன்று தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ஒரு குடும்பம் ஏழு பேர் உட்காரும் எஸ்.யு.வி. வாங்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பனையாளர் ஒரு பட்டியலை நீட்டுகிறார். சாதாரண வகை ஒரு விலை. அதற்கு மேல் 'மாற்றியமைக்கும் சஸ்பென்ஷன்' உள்ள வகை இன்னொரு விலை. 'இது சாலைக்கு ஏற்பத் தானே மாறிக்கொள்ளும், சார். பள்ளமே தெரியாது' என்கிறார். சஸ்பென்ஷன் என்பது வேறொன்றுமில்லை. சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே உள்ள வில், அதன் ஆட்டத்தை அடக்கும் கருவி, இவற்றைப் பிடித்திருக்கும் கைகள் ஆகியவற்றின் மொத்தப் பெயர். கூடுதல் பணம் கொடுத்து அதை வாங்குவது சரியா? பத்தாம் வகுப்பு இயற்பியல் தெரிந்த மாணவரால் இந்தக் கேள்விக்குப் பெருமளவு விடை சொல்ல முடியும். முயன்று பார்ப்போம்.

வில்லின் கணக்கு

ஒரு சுருள்வில்லின் மேல் எடையை வைத்தால் அது அமுங்கும். எடையை இரு மடங்காக்கினால் அமுக்கமும் இரு மடங்காகும். இது ஹூக் விதி. அந்த எடையைச் சற்று அழுத்திவிட்டால் மேலும் கீழும் ஆடத் தொடங்கும். வினாடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்பதே அதன் அதிர்வெண். இந்த அதிர்வெண்ணைக் காண எடையும் தெரிய வேண்டாம், வில்லின் விறைப்பும் தெரிய வேண்டாம். எடை உட்கார்ந்ததும் வில் எத்தனை சென்டிமீட்டர் அமுங்கியது என்பது மட்டும் தெரிந்தால் போதும்!

புவி ஈர்ப்பு முடுக்கம் வினாடிக்கு வினாடி 981 செ.மீ. அல்லவா? அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 31.3. அதை 2π ஆல், அதாவது 6.28 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 5 வருகிறது. ஆகவே,

அதிர்வெண் = 5 ÷ √(அமுக்கம், செ.மீ.)

வில் 25 செ.மீ. அமுங்கினால் வினாடிக்கு 1 ஆட்டம். 16 செ.மீ. அமுங்கினால் 1.25. வெறும் 4 செ.மீ. தான் அமுங்குகிறது என்றால் 2.5. அதிகம் அமுங்கும் வில் மெதுவாக ஆடும். அமுங்காத வில் வெடுக்கு வெடுக்கென்று ஆடும்.

மனித உடலுக்கு வினாடிக்கு 1 முதல் 1.5 வரையிலான ஆட்டம் அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. நடக்கும்போது நம் உடல் ஏறி இறங்குவதும் இதை ஒட்டிய வேகத்தில்தான். மேலும் கீழுமான அதிர்வு வினாடிக்கு 4 முதல் 8 வரை இருந்தால் அதுதான் உட்கார்ந்திருப்பவரை மிகவும் வாட்டுகிறது. வயிறும் முதுகுத்தண்டும் அதற்கு எளிதில் இசைந்து குலுங்குகின்றன. மறுபக்கம், நான்கைந்து வினாடிக்கு ஒரு முறை என்ற மிக மந்தமான ஆட்டம் குமட்டலைத் தரும். படகில் போகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். எனவே கார் வடிவமைப்பவர்கள் பெரும்பாலும் 1 முதல் 1.5 என்ற குறுகிய சந்துக்குள்ளேயே வில்லைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

டவுன் பஸ்ஸில் பள்ளிக்குப் போகிறவர்கள் இதை நன்கு அறிவார்கள். காலியாக வரும் பஸ்ஸின் கடைசி இருக்கை நம்மைத் தூக்கிப் போடும். அதே பஸ் படிக்கட்டு வரை நிரம்பி வழியும்போது மிதந்து போவதுபோல் இருக்கும். அதன் பட்டை வில் முழுச் சுமைக்கென்று விறைப்பாகச் செய்யப்பட்டது. காலியாக இருக்கும்போது அது சரியாக அமுங்குவதே இல்லை. அதிர்வெண் கூடிவிடுகிறது.

ஆட்டத்தை அடக்குவது யார்?

வில் மட்டும் இருந்தால் ஒரு பள்ளத்தைத் தாண்டிய வண்டி, அடுத்த தெரு வரை ஆடிக்கொண்டே போகும். வில் ஆற்றலை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுகிறதே தவிர, அதைச் செலவழிப்பதில்லை. செலவழிக்க ஓர் ஆள் வேண்டும். வில் வண்டியில் அந்த வேலையைப் பட்டைகள் ஒன்றோடொன்று உராய்ந்து செய்தன. நொறுங்கிக் கசங்கும் வைக்கோலும் ஓரளவு செய்தது. காரில் அதைச் செய்வது ஷாக் அப்சார்பர். அது ஓர் எண்ணெய்க் குழாய். உள்ளே ஓர் உந்து தண்டு. அதன் நுனியில் சிறு துளைகள் உள்ள தட்டு. சக்கரம் ஆடும்போது எண்ணெய் அந்தத் துளைகளின் வழியே பிதுங்கிப் போகிறது. ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது.

ஒரு ரப்பர் வளையத்தில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டுங்கள். எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணுங்கள். பிறகு கல் மட்டும் ஒரு டம்ளர் நீரில் மூழ்கியிருக்கும்படி ஆட்டுங்கள். அடுத்து விளக்கெண்ணெயில். நீரில் சில ஆட்டங்களில் அடங்கும். விளக்கெண்ணெயில் ஆடவே மனமில்லாமல் மெல்ல நகர்ந்து நின்றுவிடும். உங்கள் புத்தகத்தில் 'தடையுறு அலைவு' என்று படிப்பது இதைத்தான்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. தடை குறைவாக இருந்தால் வண்டி ஊஞ்சல்போல் ஆடும், வளைவில் சாயும். எஸ்.யு.வி. உயரமான வண்டி; அதன் எடை மையமும் உயரத்தில் இருப்பதால் சாய்வு இன்னும் அதிகம். சரி, தடையைக் கூட்டிவிடலாமா? கூட்டினால் ஷாக் அப்சார்பர் வேகமான சிறு அதிர்வுகளுக்குக் கட்டைபோல் விறைத்துக்கொள்ளும். சாலையின் ஒவ்வொரு சரளைக் கல்லும் முதுகில் தெரியும். பார வண்டியின் நிலைதான்! நீளமான அலைக்கு அதிகத் தடை வேண்டும். சிறு அதிர்வுக்குக் குறைந்த தடை வேண்டும். ஒரே துளை இரண்டுக்கும் பொருந்தாது. எனவே சாதாரண ஷாக் அப்சார்பர் என்பது ஓர் உடன்படிக்கை, ஒரு சமரசம்.

ஐந்து ஆறுகளைத் தாண்டும் சாலை

நம் டெல்டாச் சாலைகளுக்கு என்று ஒரு தனிக் குணம் உண்டு. தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர் தூரம்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டுகிறோம். இடையிடையே வரும் வாய்க்கால்களுக்கும் கன்னிகளுக்கும் கணக்கே இல்லை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பாலம் அல்லது மதகு.

பாலம் ஆழமான அடித்தளத்தின் மேல் நிற்கிறது. அது எளிதில் இறங்காது. பாலத்தின் இருபுறமும் உள்ள சாலையோ மண் கொட்டி உயர்த்திய மேட்டின் மேல் கிடக்கிறது. அந்த மேடும் அதன் கீழுள்ள களிமண்ணும் ஆண்டுகள் செல்லச் செல்ல அமுங்குகின்றன. விளைவாகப் பாலம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஒரு படி உண்டாகிறது. உலகெங்கும் பொறியாளர்களுக்குத் தலைவலி தரும் படி இது. வாய்க்கால் மிகுந்த நாட்டில் பாலம் மிகுதி; பாலம் மிகுந்தால் படியும் மிகுதி.

சாலையின் உடலும் சமமாக இருப்பதில்லை. பழைய பாசனப் பகுதியின் களி கலந்த வண்டல் மண் நீரைக் குடித்தால் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சம்பா அறுவடை முடிந்த வயலில் கோடையில் விழும் பாளங்களைப் பார்த்திருப்பீர்கள். அதே மண்ணின் மேல்தான் தார் கிடக்கிறது. ஒரு பக்கம் நீர் நிற்கும் வயல், மறுபக்கம் காய்ந்த திடல் என்றால் சாலையின் அடிமண் ஒரே சீராக எப்படி இருக்கும்? தார் பிளக்காமலே நீண்ட அலை அலையாக வளைந்துவிடுகிறது.

அந்த அலைகள் 8 மீட்டர் இடைவெளியில் இருக்கின்றன என்று கொள்வோம். மணிக்கு 36 கி.மீ. என்றால் வினாடிக்கு 10 மீட்டர். வண்டி வினாடிக்கு 10 ÷ 8 = 1.25 அலைகளைச் சந்திக்கும். வில்லின் சொந்த அதிர்வெண்ணும் 1.25 ஆக இருந்தால்? ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல் ஒவ்வொரு அலையும் ஆட்டத்தை வளர்க்கும். இதுவே ஒத்ததிர்வு. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் பேசாமல் போகும் வண்டி 36-இல் தூக்கிப் போடுவதும், 55-இல் மறுபடி அடங்கிவிடுவதும் இதனால்தான். அனுபவம் உள்ள ஓட்டுநர் ஆக்சிலரேட்டரைச் சற்று விட்டு, ஒத்ததிர்விலிருந்து நழுவிவிடுவார். ஒரு காசு செலவில்லாத 'மாற்றியமைப்பு' இது.

ஏழு பேர் ஏறினால்

இப்போது சுமைக்கு வருவோம். கணக்குக்காக ஓர் எஸ்.யு.வி.யை எடுத்துக்கொள்வோம். காலியாக இருக்கும்போது பின்புற வில் ஒவ்வொன்றின் மேலும் 350 கிலோ எடை. வில்லை 1 செ.மீ. அமுக்க 25 கிலோ தேவை. அப்படியானால் அமுக்கம் 14 செ.மீ.; அதிர்வெண் 1.34.

வேளாங்கண்ணிக்கோ திருநள்ளாற்றுக்கோ குடும்பத்தோடு புறப்படுகிறார்கள். ஏழு பேர், பைகள், தண்ணீர்க் கேன், திரும்பி வரும்போது ஒரு மூட்டை அரிசி. பின்புற வில் ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக 150 கிலோ வருகிறது. இப்போது மொத்தம் 500 கிலோ. அமுக்கம் 20 செ.மீ.; அதிர்வெண் 1.12. அட, முன்னைவிட மென்மை ஆகிவிட்டதே என்று மகிழ்ந்துவிடாதீர்கள். வண்டியின் பின்புறம் 6 செ.மீ. தாழ்ந்துவிட்டது. வில் இன்னும் 9 செ.மீ. அமுங்க இடமிருந்தது என்றால் இப்போது மிச்சம் 3 செ.மீ. மட்டுமே. பாலத்தின் முதல் படியில் அந்த மூன்றும் தீர்ந்து, அச்சு ரப்பர் முட்டுக்கட்டையில் 'டக்' என்று மோதும். அந்தக் கணத்தில் வில் வண்டி பார வண்டியாகிவிடுகிறது.

இன்னொன்றும் நடக்கிறது. ஷாக் அப்சார்பர் பழைய ஷாக் அப்சார்பர்தான்; ஆனால் அது அடக்க வேண்டிய எடை கூடிவிட்டது. கணக்கிட்டால் அதன் அடக்கும் திறன், புதிய சுமையோடு ஒப்பிடும்போது, ஆறில் ஒரு பங்கு குறைந்துபோகிறது. காலியாக ஓட்டியபோது ஒழுங்காக இருந்த வண்டி நிறைந்ததும் ஆடுகிறது.

இந்தத் தொல்லை யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். பின் சக்கரம் 6 செ.மீ. ஏறினால், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவர் 3 செ.மீ. மட்டுமே ஏறுவார். பின் அச்சுக்கு நேர் மேலே உட்கார்ந்தவர் முழு 6 செ.மீ. ஏறுவார், அச்சுக்குப் பின்னால் இருப்பவர் அதற்கும் மேல். ஒத்த முக்கோணங்களின் கணக்குதான். நடுவில் உட்காருபவர்கள் யார்? ஓட்டுநரும், முன் வரிசையில் இருப்பவர்களும். மூன்றாவது வரிசையில்? பெரும்பாலும் குழந்தைகள், சில வீடுகளில் 'நான் எங்கேயாவது ஒண்டிக்கிறேன்' என்று சொல்லிவிடும் பாட்டி. வண்டி வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்ப்பவரோ அப்பா, முன் இருக்கையில், காலி வண்டியில், கடை இருக்கும் நல்ல சாலையில்! இந்தச் சோதனை சஸ்பென்ஷனைப் பற்றி ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை என்பது என் கருத்து.

எது மாறுகிறது?

'மாற்றியமைக்கும் சஸ்பென்ஷன்' என்ற ஒரே பெயரில் வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, மாறுவது உயரமா, வில்லின் விறைப்பா, ஷாக் அப்சார்பரின் தடையா என்பதே.

உயரம் மட்டும் மாறும் சஸ்பென்ஷன் உங்கள் வீட்டு வாசலிலேயே நிற்கக்கூடும். அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்புற வில்லின் அடியைக் கவனியுங்கள். படிக்கட்டுபோல் வெட்டிய ஒரு வளையம் இருக்கும். பல வண்டிகளில் ஐந்து படிகள். ஒரு கொக்கி ஸ்பேனரால் அதைத் திருகினால் வில் முன்கூட்டியே சற்று அமுக்கப்படுகிறது. வில் விறைப்பாகிவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. 1 செ.மீ. அமுக்க முன்பு எவ்வளவு எடை தேவையோ அவ்வளவேதான் இப்போதும் தேவை. மாறியது உயரம்தான். பின்னால் ஓர் ஆளும், ஒரு மூட்டை விதை நெல்லும் ஏறியதால் தாழ்ந்த வண்டியை அது மீண்டும் உயர்த்தி, வில் அமுங்குவதற்கு இடம் தேடிக் கொடுக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் உங்கள் தெருவில் எத்தனை பேர் அந்த வளையத்தை ஒரு முறையாவது திருகியிருக்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். கையால் மாற்ற வேண்டிய எதுவும் பெரும்பாலும் மாற்றப்படாமலே கிடக்கிறது.

உயரத்தையும் விறைப்பையும் சேர்த்து மாற்றுவது காற்று வில். எஃகுக்குப் பதிலாக ரப்பர் பையில் அடைத்த காற்று. சுமை ஏறிப் பை தாழ்ந்தால் ஒரு சிறு கம்ப்ரசர் காற்றை ஏற்றிப் பழைய உயரத்துக்குக் கொண்டுவரும். சுமைக்கு ஏற்ப அழுத்தம் கூடுகிறது; அழுத்தம் கூடினால், பாயில் விதிப்படி, அந்தக் காற்றை அமுக்குவதும் அதே அளவில் கடினமாகிறது. சுமையும் விறைப்பும் சேர்ந்தே உயர்வதால் அதிர்வெண் ஏறத்தாழ மாறுவதில்லை! எஃகு வில்லால் செய்ய முடியாத வேலை இது. சென்னை பெரம்பூரில் உள்ள ஒருங்கிணைந்த ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 2018-இல் உருவான முதல் 'வந்தே பாரத்' ரயில் காற்று வில்களின் மேல்தான் ஓடியது. சென்னையில் 2024-இல் ஓடத் தொடங்கிய தாழ்தளப் பேருந்துகள், நிறுத்தத்தில் காற்றை இறக்கி ஒரு பக்கம் மண்டியிடுகின்றன. முதியவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் ஏறிக்கொள்ள முடிகிறது. காலியும் நெரிசலுமாக நாள் முழுதும் சுமை மாறும் வண்டிகளில் காற்று வில் தன் செலவைச் சம்பாதித்துக் கொடுத்துவிடும். காரிலோ அது பெரும்பாலும் விலையுயர்ந்த வண்டிகளில்தான் கிடைக்கிறது. ரப்பர் பை நாளடைவில் வெடித்துக் கசியும். கசிந்தால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடித் தானும் தேயும்.

எஸ்.யு.வி. விளம்பரங்களில் அதிகம் பேசப்படுவது மூன்றாவது வகை. இதில் வில் அப்படியே இருக்க, ஷாக் அப்சார்பரின் தடை மட்டும் மாறுகிறது. இதிலும் இரு வழிகள். ஒன்றில் மின்சாரமே இல்லை. எண்ணெய் பாய இரண்டாவது வழி ஒன்று வைத்திருப்பார்கள். சிறு அதிர்வுகளின்போது அது திறந்தே இருக்கும், தடை குறைவு. தண்டு ஒரே திசையில் சற்று நீண்ட நேரம் நகர்ந்தால், அதாவது வண்டி பெரிதாக ஆடத் தொடங்கினால், அழுத்தம் சேர்ந்து அந்த வழியை மூடிவிடும், தடை கூடும். நாம் முன்பு பார்த்த சமரசத்துக்கு இது ஒரு கெட்டிக்காரத்தனமான மருந்து. 2021-இல் வெளிவந்த மகிந்திரா எக்ஸ்.யு.வி. 700 இவ்வகை ஷாக் அப்சார்பர்களைக் கொண்டது. மற்றொரு வழி மின்னணு முறை. உணரிகள் ஆட்டத்தை அளக்கும். ஒரு கணிப்பொறி கணக்கிட்டு, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வால்வைத் திருகும். 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான மகிந்திராவின் மின்சார எஸ்.யு.வி.களில் உயர் வகைகளுக்கு இதைத் தருகிறார்கள். துளையைத் திருகுவதற்குப் பதிலாக எண்ணெயையே கெட்டியாக்கும் முறையும் உண்டு. இரும்புத் துகள் கலந்த எண்ணெய் காந்தப் புலத்தில் கூழ்போல் ஆகும். 2002-இல் ஓர் அமெரிக்கக் காடிலாக் காரில் இது முதலில் வந்தது.

இந்த மூன்றாம் வகை எதைச் செய்யாது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். ஏழு பேர் ஏறித் தாழ்ந்த வண்டியை அது உயர்த்தாது. மிச்சமிருந்த 3 செ.மீ. இடம் 3 செ.மீ. ஆகவே இருக்கும். அதில் மோதும் வேகத்தைச் சற்றுக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

முட்டைக் கூடையும் லாரி இருக்கையும்

பிரான்சு நாட்டில் சிட்ரோயன் நிறுவனம் 1948-இல் 2 சி.வி. என்ற சிறு காரைக் காட்சிக்கு வைத்தது. உழவர்களுக்கான கார் அது. ஒரு கூடை முட்டையை வைத்து உழுத வயலின் குறுக்கே ஓட்டினாலும் முட்டை உடையக் கூடாது என்பது வடிவமைப்பாளர்களுக்கு இடப்பட்ட நிபந்தனை என்பார்கள். அதில் மாற்றியமைக்க எதுவுமில்லை. மெத்தென்ற வில், சக்கரம் ஏறி இறங்கத் தாராளமான இடம், மெல்லிய டயர். அவ்வளவே. அதே நிறுவனம் 1955-இல் டி.எஸ். என்ற காரை வெளியிட்டது. எஃகு வில்லுக்குப் பதிலாக நைட்ரஜன் வாயுவும் எண்ணெயும் அடைத்த உருண்டைகள். சுமை ஏறினாலும் தாழாத உடல். உள்ளேயிருந்தே உயரத்தை மாற்ற ஒரு நெம்புகோல். அற்புதமான வண்டி. ஆனால் அதைப் பழுது பார்க்கத் தனிப் பயிற்சி வேண்டியிருந்தது. 2 சி.வி.யையோ கிராமத்துக் கொல்லனே சரிசெய்துவிடலாம்.

ஒலிபெருக்கிகளால் புகழ் பெற்ற அமர் போஸ், வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்தவர். 1980-இல் அவர் சஸ்பென்ஷன் ஆராய்ச்சியைத் தொடங்கினார். மின்காந்த மோட்டார்களால் சக்கரத்தை இழுத்தும் தள்ளியும், உடல் அசையாமல் மேட்டைத் தாண்டும் காரை 2004-இல் அவர் நிறுவனம் ஓட்டிக் காட்டியது. பார்த்தவர்கள் வியந்தார்கள். எடையும் விலையும் அதிகமானதால் அது அந்த வடிவில் எந்தக் காரிலும் விற்பனைக்கு வரவில்லை. 2010-இல் அந்த நுட்பம் லாரி ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. முழு வண்டியையும் அசையாமல் பிடிப்பதைவிட, அதில் நாள் முழுதும் உட்காரும் ஒருவரை மட்டும் அசையாமல் பிடிப்பது மலிவு!

ஆகவே, வாங்கலாமா?

விடை வண்டியைப் பொறுத்ததன்று, ஓட்டத்தைப் பொறுத்தது. வாரம் முழுவதும் இரண்டு பேர் கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் போய்வரும் வீட்டில் சுமை மாறுவதில்லை. வேகமும் பெரிதாக மாறுவதில்லை. அங்கே நல்ல சாதாரண சஸ்பென்ஷன் போதும். மாற்றியமைக்க ஒன்றுமில்லாத இடத்தில் மாற்றியமைக்கும் கருவி எதற்கு? மாதம் நான்கு முறை சென்னைக்கு நெடுஞ்சாலையில் விரைந்து போய், திரும்பி வந்து ஆற்றங்கரைச் சாலையில் ஊருக்குள் நுழையும் வீட்டுக்குத் தானே மாறும் ஷாக் அப்சார்பர் உண்மையாகவே பயன்படும். மின்னணு இல்லாத வகை கிடைத்தால் நான் அதையே முதலில் பார்ப்பேன். அடிக்கடி ஏழு பேரும் ஏறும் வீட்டுக்கோ, தடையைவிட உயரம்தான் முக்கியம். பின்புறம் தாழாமல் காக்கும் ஏற்பாடு இல்லையென்றால், சுமையோடும் போதிய இடைவெளி மிஞ்சும் வண்டியைத் தேட வேண்டும்.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை. உயர் வகைகளில் அழகுக்காகப் பெரிய சக்கரமும் மெல்லிய பக்கச் சுவருள்ள டயரும் மாட்டித் தருகிறார்கள். காற்றடைத்த டயர்தான் வண்டியின் முதல் வில். சிறு அதிர்வுகளை வேறு எதுவும் தொடுவதற்கு முன்பே அது விழுங்கிவிடும். அதை மெலிதாக்கிவிட்டு, அதனால் வந்த அதிர்வைக் குறைக்க மின்னணு ஷாக் அப்சார்பரை விற்பது, கூரையைப் பிரித்துவிட்டுக் குடை விற்பதுபோல் இருக்கிறது. தடித்த டயரும், கதவருகே ஒட்டியிருக்கும் அட்டையில் சொன்னபடி சுமைக்கு ஏற்ற காற்றும் மிக மலிவான சஸ்பென்ஷன்.

உயரம் கூட்டும் வசதி மழைக்காலத்துக்கு உதவும் என்றும் சொல்வார்கள். ஐப்பசி, கார்த்திகையில் தேங்கி நிற்கும் நீரில் சில சென்டிமீட்டர் உதவலாம். சாலையின் குறுக்கே ஓடும் நீருக்கு அதை நம்பி இறங்கக் கூடாது. 60 செ.மீ. ஆழ ஓடும் நீர் பெரும்பாலான கார்களை அடித்துச் சென்றுவிடும், எஸ்.யு.வி.யும் இதற்கு விலக்கன்று.

கடையில் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, ஒரு ஷாக் அப்சார்பர் கெட்டுப்போனால் என்ன விலை, எங்கே மாற்றுவார்கள் என்பது. சாதாரண வகையை ஊரிலுள்ள ஒர்க் ஷாப்பிலேயே மாற்றிவிடலாம். மின்னணு வகைக்கு உணரி, வயர், கணிப்பொறி எல்லாம் சேர்ந்து வரும். விடையை எழுதி வாங்கிக்கொண்டு, கூடுதல் விலையோடு சேர்த்துக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

அளந்து பாருங்கள்

வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கார் இருந்தால் பெரியவர்களின் அனுமதியோடு சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டபின் இந்தச் சோதனையைச் செய்யலாம். வண்டிக்கு அடியில் நுழைய வேண்டியதில்லை.

பின் சக்கரத்தின் மையத்திலிருந்து அதற்கு நேர் மேலே உள்ள மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நான்கு பெரியவர்களைப் பின் இருக்கைகளில் உட்காரச் சொல்லுங்கள். மறுபடி அளக்கவும். அவர்களின் மொத்த எடை 260 கிலோ என்றும், தாழ்வு 4 செ.மீ. என்றும் கொள்வோம். பின் இருக்கைச் சுமையில் ஏறத்தாழ முக்கால் பங்கு, அதாவது சுமார் 200 கிலோ, பின் அச்சில் விழும். ஒரு சக்கரத்துக்கு 100. ஆகவே வில்லின் விறைப்பு, சென்டிமீட்டருக்கு 25 கிலோ. ஏழு பேரும் மூட்டையும் ஏறினால் எத்தனை சென்டிமீட்டர் தாழும் என்று இனி நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அடுத்து, எல்லோரும் இறங்கியபின் பின்புற மூலையை இரு கைகளாலும் அழுத்தி, இரண்டு மூன்று முறை ஆட்டி, சட்டென்று கையை எடுத்துவிடுங்கள். வண்டி ஒரு முறை ஏறி இறங்கி நின்றுவிட்டால் ஷாக் அப்சார்பர் நலமாக இருக்கிறது. இரண்டு மூன்று முறை ஆடிக்கொண்டேயிருந்தால் அது தேய்ந்துவிட்டது. புது வண்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன், பழைய வண்டியின் நான்கு மூலைகளையும் இப்படி அழுத்திப் பார்த்து, எந்த மூலை அதிகம் ஆடியது என்பதை அப்பாவிடம் சொல்லுங்கள்.